பதினொன்றில் ஒன்று

நான் உடைத்தது ஒரு டெயில் லேம்ப். வலது பக்கத்தது. சிவப்புப் பிளாஸ்டிக்கில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு விரிசல், ஓரத்தில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது, அவ்வளவுதான். பல்பு எரிந்தது. பிரேக்கை மிதித்தால் வெளிச்சம் வந்தது. போச்சம்பள்ளியில் சரக்கு இறக்கும் மேடைக்கு வண்டியைப் பின்னால் விட்டபோது, இன்னும் ஓரடி இருக்கிறது என்று நினைத்தேன். இல்லை. தப்பு என்னுடையது.

லாரி யார்டுக்குத் திரும்பியதும் சேத அறிக்கைத் தாள் கேட்டு வாங்கி எழுதிக் கொடுத்தேன். என்ன உடைந்தது, எங்கே, எத்தனை மணிக்கு, எல்லாம். கீழே எட்சன் என்று கையெழுத்துப் போட்டேன். அந்தத் தாள் கட்டின் மேல் தூசி அப்பிக் கிடந்தது. ஆபீஸ்காரர் அதை முட்டியில் இரண்டு முறை தட்டிவிட்டுத்தான் என்னிடம் நீட்டினார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

நவம்பரில் சேர்ந்த அன்று சூப்பர்வைசர் பிரேம்குமார் புது டிரைவர்களை உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேசினார். "சின்னக் கீறலா இருந்தாலும் எழுதிக் குடுங்க. இடிக்கறது தப்பில்ல, மறைக்கறதுதான் தப்பு" என்றார். நம்பினேன். நம்பாமல் இருக்கிற நிலைமை எனக்கு இல்லை. அதற்கு முன்னால் ஆறு வருடம் ராயக்கோட்டை மண்டியில் தக்காளி கிரேட் தூக்கியவன் நான். தோள்பட்டையில் தோல் செத்துப்போய், தட்டினால் பலகை மாதிரி சத்தம் வருகிறது என்று என் மனைவி பெனிஷா சொல்வாள். ஹெவி லைசென்ஸ் எடுத்து, இந்தச் சூளகிரி யார்டில் டிரைவர் சீட்டில் உட்கார்ந்த பிறகுதான் மல்லாந்து படுக்க முடிந்தது. முதல் ஆறு மாதம் பயிற்சி டிரைவர். ஏப்ரல் கடைசியில் நிரந்தரம். அதற்குள் பெரிய சேதம் ஏதாவது நம் பேரில் விழுந்தால் டிரைவர் லிஸ்டிலிருந்து எடுத்து லோடிங்கில் போட்டுவிடுவார்கள். லோடிங் என்றால் திரும்பவும் தோள். நாற்பது கிலோ இரும்புப் பெட்டிகள், நாள் முழுக்க.

அறிக்கை கொடுத்த மூன்றாம் நாள். காலை ஏழு மணி, ஷிப்ட் மாறும் நேரம். டிரைவர்கள் ஏழெட்டுப் பேர் டீ கேனைச் சுற்றி நின்றிருந்தோம். பிரேம்குமார் கையில் அட்டையோடு வந்தார்.

"எட்சன், இங்க வா. இதுல ஒரு கையெழுத்துப் போட்டுட்டு வண்டி எடு."

வாங்கிப் பார்த்தேன். மேலே என் பேர், வண்டி நம்பர், கீழே வரிசையாகப் பதினோரு சேதம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சின்னதாக ஒரு போட்டோ. என் டெயில் லேம்ப் எட்டாவதாக இருந்தது.

"சார், நான் எழுதிக் குடுத்தது ஒண்ணு சார்."

"ஒண்ணு எழுதினா மெக்கானிக் வண்டி முழுக்கப் பாக்கணும். அது ரூல். பாத்தாரு. பதினொண்ணு இருக்குது."

பக்கத்தில் நின்ற ராமப்பன் எட்டிப் பார்த்தார். கர்நாடக எல்லையில் தளிப் பக்கத்து ஆள். பாதி கன்னடம் பாதி தமிழில்தான் பேசுவார். "ஹன்னொந்தா! ஏனப்பா எட்சனு, நாலு மாசத்துல பதினொண்ணா? வண்டி ஓட்டினியா, கபடி ஆடினியா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது.

"சார், பம்பர் மூலை நசுங்கினது, பின் மட்கார்டு கிழிஞ்சது, கூரைல மரக்கிளை கிழிச்சது, எல்லாம் நான் வர்றதுக்கு முன்னாடியே இருந்தது சார். எல்லாருக்கும் தெரியும்."

"அப்பிடியா?" பிரேம்குமார் அட்டையின் அடியிலிருந்து இன்னொரு தாளை உருவினார். "இது யாரு கையெழுத்து?"

என்னுடையது. நவம்பரில் வண்டியை வாங்கிக்கொண்ட தாள். 'சேதம் எதுவும் இல்லை' என்று அச்சடித்திருந்த வரிக்கு நேராக டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதற்குக் கீழே தினம் தினம் போட்ட தாள்களும் இருந்தன. எல்லாவற்றிலும் அதே டிக், அதே எட்சன்.

"நீ வாங்கறப்ப வண்டி முழுசா இருந்துச்சுன்னு நீயே எழுதியிருக்க. இப்ப பதினொண்ணு இருக்குது. நடுவுல யாரு கையில இருந்துச்சி? மெட்ராஸ் ஆபீஸ்லேர்ந்து கேக்கறான்யா. பத்து மாசமா இந்த வண்டிக்கு ஒரு கீறல்கூட எழுதல, திடீர்னு எப்பிடி ஒரே நாள்ல பதினொண்ணுன்னு. நான் யாரு பேர எழுதறது? என் பேரையா?"

"பகல் ஷிப்ட்டு நான், மத்த ஷிப்ட்டு வேற ஆளு சார். ரெண்டு பேரு ஓட்டற வண்டி."

"அவங்க யாரும் ஒடச்சேன்னு எழுதிக் குடுக்கலியே. நீதான குடுத்த?"

உடைத்ததை ஒத்துக்கொண்டவன் நான் ஒருவன், அதனால் உடைந்ததெல்லாம் நான் உடைத்தது. அவர் அதை ரொம்ப நியாயமான கணக்குப்போல நிதானமாகச் சொன்னார். குரலைக்கூட உயர்த்தவில்லை.

"பத்து நிமிஷம் டைம். கையெழுத்துப் போட்டேன்னா நாளையிலேர்ந்து மூணு மாசம் லோடிங், அப்பறம் பாக்கலாம். போடலன்னா இன்னிக்கே லிஸ்ட்லேர்ந்து பேர ஒரேயடியா எடுத்துடுவேன்." அட்டையை டீ கேன் பக்கத்தில் வைத்துவிட்டுப் போன் பேச ஒதுங்கினார்.

நான் பஷீர் பாயைத் தேடினேன். வண்டிக்குப் பின்னால் நின்று வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். பஷீர் அஹமது, பதினோரு வருட டிரைவர். எனக்கு முன்னால் அந்த வண்டியை இரண்டு வருடம் ஓட்டியவர், இப்போதும் எனக்கு மாற்று ஷிப்டில் அதே வண்டியை ஓட்டுகிறவர். நவம்பரில் வண்டியை என்னிடம் ஒப்படைத்தது அவர்தான். டீசல் டேங்கைச் சுற்றியிருக்கும் இரும்புக் கார்டு உள்ளே வளைந்திருப்பதை அன்றைக்கே பார்த்துக் கேட்டேன். "எஃப்.சி.ல போயிடும்பா, டிக் அடி" என்றார். அந்த யார்டில் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். எஃப்.சி. என்றால் வண்டி ஓடத் தகுதியானது என்று ஆர்.டி.ஓ. ஆபீசில் சான்று வாங்குவது. அதற்குப் போகும் முன் கம்பெனி வண்டியை ஒர்க்ஷாப்பில் விட்டு நசுங்கியதை நிமிர்த்தி, பெயிண்ட் அடித்து, உடைந்ததை மாற்றும். அதுவரை எவன் எதை இடித்தாலும் வாயைத் திறப்பதில்லை. தினமும் டிக். எஃப்.சி. வந்தால் எல்லாப் பாவமும் ஒரே பெயிண்டில் போய்விடும். எங்கள் வண்டிக்கு எஃப்.சி. அடுத்த மாதம்.

"பாய், பாத்தீங்களா?"

"பாத்தேன். ஒனக்கு அறிவு இருக்குதாடா?" வெற்றிலையைக் கையிலேயே வைத்துக்கொண்டு சீறினார். "இன்னும் நாலு வாரம். நாலே வாரம் ஒன்னால வாய மூடிக்கிட்டு இருக்க முடியல. சில்லு பேந்துச்சின்னா ஒரு செகப்பு டேப்ப ஒட்டிட்டுப் போ. எழுதச் சொல்லி எவன் அழுதான்?"

"எழுதணும்னு அவருதான சொன்னாரு."

"சொல்லுவான். பீடி பிடிக்காதன்னுகூடத்தான் செவுத்துல எழுதி வெச்சிருக்குது. நீ ஒருத்தன் எழுதினதால இப்ப பதிமூணு வண்டியும் பாப்பானுங்க. ராமப்பன் வண்டில மட்டும் என்னென்ன இருக்குதுன்னு தெரியுமா ஒனக்கு? அவன் இப்ப சிரிக்கறான். சாயந்தரம் ஒன்ன அடிக்க வருவான்."

"அந்த டேங்க் கார்டு நீங்க வளைச்சது பாய்."

அவர் சுற்றிலும் பார்த்தார். "மெதுவாப் பேசு."

"மச்சான் வீட்டுக் கல்யாணத்துக்கு பீரோ ஏத்தப் போனப்ப சந்துல மாட்டிக்கிச்சின்னு நீங்கதான சிரிச்சிக்கிட்டே சொன்னீங்க. அதுலதான் பெரிய சேதம்னு போட்டிருக்கறாரு. அது ஒண்ணுதான் என்ன லோடிங்குக்குத் தள்ளுது. மத்ததெல்லாம் கீறல்."

"கம்பெனி வண்டில கல்யாணச் சாமான் ஏத்தினேன்னு நான் போயி சொல்லட்டுமா? சொன்னா லோடிங்குக்குப் போட மாட்டான், வீட்டுக்குத்தான் அனுப்புவான். ஹீனாவுக்கு மாப்பிள்ள பேசிட்டிருக்கேன்டா. அம்பத்தி மூணு வயசுல எவன் எனக்கு வண்டி தருவான்?" குரலைக் கொஞ்சம் இறக்கினார். "மூணு மாசம்தான? நீ எளவட்டம். தூக்கிட்டு வந்துடு. எனக்காகன்னு நெனச்சிக்கோ."

பாய் கெட்டவர் இல்லை. சேர்ந்த முதல் வாரம் மேலுமலை இறக்கத்தில் எந்தக் கியரில் இறங்க வேண்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தவர். ரம்ஜானுக்கு டிபன் பாக்ஸ் நிறைய எனக்குத் தனியாகக் கொண்டுவந்தவர். கெட்டவன் என்றால் சட்டையைப் பிடித்திருப்பேன். அவர் என் தோளைத் தட்டி, மூன்று மாதம் தூக்கு என்கிறார். இந்தத் தோள் என்ன அவர் வீட்டுச் சுவரா?

திரும்பி நடந்து வந்து அட்டையை எடுத்தேன். மறுபடி மேலிருந்து படித்தேன். நாலாவது வரியில் 'இடது பக்கக் கண்ணாடி, தண்டு வளைந்தது, ஓரம் உடைந்தது' என்றிருந்தது. சத்தமாகவே கேட்டேன். "இந்த எடது கண்ணாடி எப்ப ஒடஞ்சது? அது யாருக்காச்சும் தெரியுமா?"

கேட் பக்கம் ரிஜிஸ்டரில் எழுதிக்கொண்டிருந்த செக்யூரிட்டி ருக்மணி அக்காதான் தலையைத் தூக்காமலே பதில் சொன்னார்.

"அந்தக் கண்ணாடி ஆயுத பூஜை அன்னிக்கே போச்சேப்பா! சார் ஏறி உக்காந்து போட்டோ எடுத்துட்டு, ரிவர்ஸ் போட்டு ஷெட்டுத் தூணுல..."

அங்கேதான் அவருக்கு உறைத்தது. வாயைக் கையால் மூடிக்கொண்டார்.

போன் பேசிக்கொண்டிருந்த பிரேம்குமார் திரும்பினார். ராமப்பன் டீ கிளாசுக்குள் எதையோ தேடுகிறவர் மாதிரி குனிந்துகொண்டார். பாய் வெற்றிலையை வாயில் திணித்துக்கொண்டார். ஆயுத பூஜைக்கு நான் அங்கே இல்லை. அடுத்த மாதம்தான் சேர்ந்தேன். ஆனால் இவர்கள் எல்லோரும் இருந்திருக்கிறார்கள். கையில் பொரியும் கடலையும் வைத்துக்கொண்டு வரிசையாக நின்று பார்த்திருக்கிறார்கள்.

"ஏம்மா, நீ பாத்தியா?" என்றார் பிரேம்குமார்.

"எனக்கென்ன சார் தெரியும்? நான் பொரி குடுத்துட்டிருந்தேன்." ரிஜிஸ்டரைப் புரட்ட ஆரம்பித்துவிட்டார். அவரையும் குற்றம் சொல்ல முடியாது. கான்ட்ராக்ட் செக்யூரிட்டி. நாளைக்கே வேறு கேட்டுக்கு மாற்றிவிடுவார்கள்.

"ராமப்பண்ணா, நீங்க இருந்தீங்களா அன்னிக்கு?"

"இருந்தேன். பொரி தின்னேன். பேடப்பா, என்ன இழுக்காத."

"பாய்?"

பாய் வாயில் வெற்றிலை இருப்பதாகச் சைகை காட்டினார்.

என் காதுக்குள் இரைந்தது. இதற்கு முன் அப்படி ஒரு கோபம் எனக்கு வந்ததில்லை. மண்டியில் கிரேட் சரிந்து கால் விரல் நசுங்கியபோதுகூட வந்ததில்லை. தான் உடைத்ததை, ஊரே பார்க்க உடைத்ததை, கொஞ்சமும் கூசாமல் என் பேருக்குக் கீழே டைப் அடித்து, போட்டோவும் ஒட்டி, கையெழுத்துப் போடு என்று நீட்டுகிறான். மறைப்பதுதான் தப்பு என்று பாடம் எடுத்தவன்.

பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்தேன். வண்டியின் பானட்டில் தாளை வைத்து, முதல் வரிக்குப் பக்கத்தில் 'இது நான் உடைத்தது அல்ல' என்று எழுதினேன். இரண்டாவதுக்கும் அதையே. பத்து முறை எழுதினேன். பேனா இரண்டு இடத்தில் தாளைக் கிழித்தது. எட்டாவதில் மட்டும் 'இது நான் உடைத்தது' என்று எழுதினேன். அடியில், 'நவம்பரில் பார்க்காமல் டிக் அடித்தது என் தப்பு' என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பார்க்காமல் என்று எழுதியது பொய். பார்த்துவிட்டுத்தான் அடித்தேன். ஆனால் அதை எழுதினால் பாய் பேர் வரும்.

பிரேம்குமார் படித்தார். மூக்கு விடைத்தது. "இதெல்லாம் செல்லாது. சாவியக் குடு."

கொடுத்தேன்.

"பஷீரு, இந்த ட்ரிப்ப நீ எடுத்துட்டுப் போ. ஒம்பதரைக்குள்ள போச்சம்பள்ளில இருக்கணும், இல்லன்னா அங்க பேக்டரி லைனே நின்னுடும்."

பாய் சாவியை வாங்கவில்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து வண்டியை ஒருமுறை பார்த்தார், அந்தத் தாளைப் பார்த்தார். "வேணாம் சார்."

"என்னா வேணாம்?"

"பதினொண்ணு இருக்குதுன்னு எழுத்துல வந்திருச்சி. பத்து யாருதுன்னு தெரியாம நிக்குது. இப்ப நான் சாவிய வாங்கினா, நாளைக்கு அந்தப் பத்தும் என் தலைல. ரிப்பேர் பண்ணிக் குடுங்க, எடுக்கறேன்."

"ராமப்பா!"

"ஐயோ, நனகே பேடா சார். எனக்கு இன்னிக்கு மாலூர் ட்ரிப்பு."

அடுத்து நின்றவனும் வேண்டாம் என்றான். அதற்கடுத்தவன் கூப்பிடும் முன்பே தன் வண்டியில் ஏறிக்கொண்டான். எனக்காக ஒருவனும் அப்படிச் செய்யவில்லை. அதை நான் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஒருவன் கண்ணிலும் என்மேல் இரக்கம் இல்லை. தினமும் கண்ணை மூடிக்கொண்டு டிக் அடித்து ஏறிய அதே வண்டி, ஒரு தாளில் எழுதப்பட்டதும் அம்மை வந்த வீடு மாதிரி ஆகிவிட்டது. யாரும் கிட்டே வரவில்லை.

பிரேம்குமாரின் போன் அடித்தது. எடுத்தார். "கெளம்பிடுச்சி சார், வண்டி கெளம்பிடுச்சி" என்றார். வைத்தார். மறுபடி அடித்தது. எடுக்கவில்லை. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு யார்டின் நடுவில் நின்றார். அவரிடம் ஹெவி லைசென்ஸ் இல்லை. இருந்திருந்தால் தானே எடுத்துக்கொண்டு போயிருப்பார்.

ஏழே முக்காலுக்கு என்னிடம் வந்தார். "சரி, நீயே எடு. சாயந்தரம் வந்து பேசிக்கலாம்."

"இப்பவே எழுதிக் குடுங்க சார்."

"என்னாத்த எழுதறது?"

"பத்தும் பழைய சேதம், எட்சனோடது இல்லன்னு. உங்க கையெழுத்தோட, சீலோட."

"ஏன்டா, யாருகிட்ட பேசறன்னு தெரிஞ்சிதான் பேசறியா?"

"தெரிஞ்சிதான் பேசறேன் சார்."

போன் மூன்றாவது முறையாக அடித்தது. ஆபீசுக்குள் போனார். ஐந்து நிமிடத்தில் லெட்டர்ஹெட்டில் எழுதி எடுத்துவந்தார். 'கீழ்க்கண்ட பத்தும் பழைய சேதங்கள். ஏற்படுத்திய ஓட்டுநர் யாரென்று தெரியவில்லை. தற்போதைய பயிற்சி ஓட்டுநர் எட்சன் பொறுப்பல்ல.' சீல் இருந்தது. கையெழுத்து இருந்தது.

வாங்கி மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு ஏறிப் போயிருக்கலாம். பெனிஷா பக்கத்தில் இருந்திருந்தால் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பாள். எனக்கு அந்தத் 'தெரியவில்லை' தொண்டையில் மீன் முள் மாதிரி நின்றது.

"சார், கண்ணாடிக்கு யாருன்னு தெரியுமே."

யாரோ பின்னால், "விட்றா டேய்" என்றார்கள். பாய் குரல்தான்.

பிரேம்குமார் என்னையே பார்த்தார். கண் சிவந்திருந்தது. கை ஓங்கிவிடுவாரோ என்றுகூட நினைத்தேன். ஓங்கட்டும் என்றுதான் நின்றேன். இவ்வளவு பேர் எதிரில் அடித்தால் அதற்காவது சாட்சி இருக்குமா, அப்போதும் பொரி தின்றுகொண்டிருந்தோம் என்பார்களா என்று பார்த்துவிடலாம் போலிருந்தது.

அடிக்கவில்லை. தாளைப் பிடுங்கி, நாலாவது வரிக்குப் பக்கத்தில் 'யார்டில் உடைந்தது' என்று கிறுக்கி, என் நெஞ்சில் வைத்து அழுத்தினார். "இதுக்கு மேல ஒரு எழுத்து எழுத மாட்டேன். போறதுன்னா போ. ஏப்ரல்ல எங்கிட்டதான் வரணும் நீ. மறந்துடாத."

யார்டில் உடைந்தது. யார் என்று இல்லை. என் பேரில் எழுதிய பொய்யில் கால்வாசியைத்தான் அவரிடமிருந்து பிடுங்க முடிந்தது. பெட்டி தூக்காமல் இருக்க அது போதும். மனசுக்குப் போதவில்லை. ஏப்ரலில் என்னை நிரந்தரம் செய்வாரா என்று யாரும் என்னைக் கேட்க வேண்டாம். எனக்கே தெரியும்.

சாவியை வாங்கி ஏறினேன். அன்றைய தாள் சீட்டில் கிடந்தது. 'சேதம் எதுவும் இல்லை' என்ற வரியை அடித்துவிட்டு, 'பதினொன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு ருக்மணி அக்காவிடம் நீட்டினேன். அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு கேட்டைத் திறந்தார்.

முதல் கியர் போடும்போது பாய் ஓடிவந்து கதவைப் பிடித்தார். மூச்சு வாங்கியது.

"எட்சா... அந்த டேங்க் கார்டுக்கு என் பேரு கீரு ஏதாச்சும்...?"

"யாருன்னு தெரியலன்னு எழுதியிருக்குது பாய்."

அவர் முகம் சட்டென்று தளர்ந்தது. சிரித்தே விட்டார். "நல்லவன்டா நீ. பாத்துப் போ. சாயந்தரம் வா, டீ சாப்பிடலாம்."

"எனக்குத் தெரியும் பாய்" என்றேன். "கண்ணாடிய ஒடச்சது யாருன்னு உங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி."

அவர் கதவிலிருந்து கையை எடுத்தார். நான் கிளட்சை விட்டேன்.